சம்பளம் நின்றால் என்ன செய்வது: வெளிநாட்டு கிளப்களுக்கு ஆடப் போகும் கால்பந்துக்காரர்களுக்கு

பத்தாண்டுகளுக்கு மேலாகக் கால்பந்துதான் என் பிழைப்பு. வேறு வேறு நாடுகளில், பெரும்பாலும் இரண்டாம் பிரிவிலும் எப்போதாவது முதல் பிரிவிலும், தடுப்பாட்டக்காரனாக ஆடியிருக்கிறேன். தொலைக்காட்சியில் தெரியும் நட்சத்திரங்களின் வாழ்க்கை வேறு, எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கை வேறு. ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் ஒப்பந்தம். அது முடிவதற்குள் அடுத்த கிளப் எது என்ற கவலை, மொழி புரியாத ஊரில் கிளப் பார்த்துக் கொடுத்த வீடு, அடிபட்டால் என்ன ஆகும் என்ற பயம். இதெல்லாம் தெரிந்துதான் வந்தேன். ஆனால் வேற்று நாட்டில் ஒரு கிளப் சம்பளத்தை நிறுத்திவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும், எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏஜென்ட் சொல்லவில்லை. கூட ஆடியவர்களில் பலருக்கே தெரியவில்லை. பாதி சீசனும் பல மாதச் சம்பளமும் தூக்கமும் போன பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இது எனக்கு மட்டும் நடந்த அபூர்வம் இல்லை. ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்புரோ 2016இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 14,000 தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் கேட்டார்கள். முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமாக வந்தது என்று 41 சதவீதம் பேர் சொன்னார்கள். ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர். உங்கள் டிரெஸ்ஸிங் ரூமில் சுற்றிப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

என் முதல் இரண்டு கிளப்கள் ஒழுங்காக நடத்தின, அதனால் அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சம்பளம் சில சமயம் ஒரு வாரம் தள்ளி வரும், மேனேஜர் வந்து காரணம் சொல்வார், வந்துவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் அடுத்த நாட்டுக்குப் போனேன். பெரிய கிளப், நல்ல ரசிகர் கூட்டம், முன்பு வாங்கியதைவிடக் கூடுதல் சம்பளம். டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது கிளப்கள் புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யும் குறிப்பிட்ட காலம், மூடுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் ஒப்பந்தம் கைக்கு வந்தது. இது தற்செயல் என்று அப்போது நினைத்தேன். பிறகு எத்தனையோ பேரிடம் பேசியதில், பல கிளப்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்கின்றன என்று இப்போது நம்புகிறேன். படிக்க நேரம் இல்லாதவன்தான் கேள்வி கேட்க மாட்டான்.

அந்த ஒப்பந்தத்தில் இருந்ததை இங்கே விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வந்த தொல்லைகளில் பாதி அங்கேயே எழுதப்பட்டிருந்தது. முதலாவது, ஒரு காகிதம் இல்லை, இரண்டு காகிதம். ஒன்று வேலை ஒப்பந்தம், அதில் சம்பளம் சின்னத் தொகை. இன்னொன்று என் படம், பெயர் ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமைக்கான ஒப்பந்தம், அதில்தான் பெரிய தொகை. வரி மிச்சமாகும், இங்கே எல்லோரும் இப்படித்தான் என்றார்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தீர்ப்பாயத்துக்கு வேலை ஒப்பந்தச் சண்டையைத்தான் தீர்க்க அதிகாரம். பட உரிமை ஒப்பந்தம் தனியாக நின்றால், அது சம்பளத்தின் ஒரு பகுதிதான் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே உங்கள் சம்பளம் முழுவதும் வேலை ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும், அதற்காகக் கொஞ்சம் வரி போனாலும் போகட்டும். இரண்டாவது, தொகை வரிக்கு முன்னா பின்னா என்று எழுதவில்லை. மூன்றாவது, உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒப்பந்தம் இருந்தது, முரண்பட்டால் எது செல்லும் என்று பார்த்தால் உள்ளூர் மொழிதான். நான்காவது, மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லுபடியாகும் என்று ஒரு வரி. ஃபிஃபா விதிகளின் 18ஆவது பிரிவு இப்படி நிபந்தனை போடக் கூடாது என்கிறது. மெடிக்கல், வேலை அனுமதி எல்லாம் கையெழுத்துக்கு முன்பே கிளப் முடித்துக்கொள்ள வேண்டிய காரியம். அந்த வரியைக் கண்டால் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த கிளப்பின் குணம் அப்போதே தெரிந்துவிடும்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. கோச்சுக்கு என்னைப் பிடித்திருந்தது. முதல் சில மாதம் சம்பளம் வந்தது, அப்புறம் ஒரு மாதம் பாதி வந்தது, அப்புறம் நின்றது. காரணங்கள் மட்டும் தவறாமல் வந்தன. ஸ்பான்சர் பணம் வர வேண்டியிருக்கிறது, வங்கியில் ஏதோ சிக்கல், தலைவர் வெளியூரில் இருக்கிறார், அடுத்த ஆட்டம் ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும். உள்ளூர் ஆட்டக்காரர்களுக்குக் கையில் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அவர்களுக்குக் குடும்பம் அங்கேயே இருக்கிறது, பத்திரிகையில் பேசுவார்கள், ரசிகர்கள் கேட்பார்கள். வெளிநாட்டுக்காரன் யாரிடம் போய்ச் சொல்வான்? வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாமல், காரணமும் சொல்ல முடியாமல், "இங்கே வங்கி விடுமுறை" என்று அம்மாவிடம் நானே கிளப் மாதிரி பேச ஆரம்பித்தேன். அதை இன்று நினைத்தாலும் மனசு கனக்கிறது.

பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் நிலைமை மாறியது. ஒரு நாள் காலையில் முதல் அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். பயிற்சிக்குப் போனால், எனக்கும் இன்னொரு வெளிநாட்டு ஆட்டக்காரருக்கும் தனி நேரம், தனி மைதானம், பந்து கூட இல்லாமல் ஓட்டம் மட்டும். கோச் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மனிதர் மீது எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் சம்பளம் பாக்கிதான். சில நாள் கழித்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு காகிதம் நீட்டினார்கள். இரு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம், ஒருவருக்கொருவர் எந்தப் பாக்கியும் இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளம் உடனே தருவோம், விண்டோ மூடுவதற்குள் வேறு கிளப்புக்குப் போய்விடலாம் என்றார்கள். கையில் பணம் இல்லாதவனுக்கு அந்த ஒரு மாதச் சம்பளம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று அந்த நிலையில் இருந்தவர்களுக்குத்தான் புரியும். என்னோடு ஓடிக்கொண்டிருந்தவர் போட்டுவிட்டார். அவருக்குக் குழந்தை பிறக்கும் நேரம். மீதி அத்தனையும் அவருக்குப் போனதுதான். "பாக்கி எதுவும் இல்லை" என்ற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருந்தால் அதற்குப் பிறகு எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் கிளப் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் காட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி எழுந்து வாருங்கள். கையெழுத்தில்லாமல் அந்தக் காகிதம் உங்கள் கையில் இருப்பதே நல்ல சாட்சி.

முன்பு என்னோடு ஆடிய ஒரு கோல்கீப்பர்தான் அன்று இரவு போனில் எனக்கு வழி சொன்னார். அவரும் இதே பாட்டைப் பட்டவர். ஃபிஃபா விதிகளில் 14 பிஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறது, 2018 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தை உரிய தேதியில் கிளப் தரவில்லை என்றால் ஆட்டக்காரர் தகுந்த காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஆனால் அதற்கு முன் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் கெடு தர வேண்டும். அந்தக் கெடு இல்லாமல் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள், கிளப் உங்களிடம் நஷ்டஈடு கேட்கும். பணம் தராதவனே வழக்குப் போடுவதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டு ஆகப் போவது ஒன்றும் இல்லை, கெடுவைக் கொடு என்றார் அவர்.

நோட்டீஸ் எழுத வக்கீல் கட்டாயம் இல்லை, ஆனால் அந்த நாட்டு ஆட்டக்காரர் சங்கத்திடம் காட்டிவிட்டு அனுப்புவது நல்லது. பெரும்பாலான சங்கங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரரும் உறுப்பினராகலாம். போய் இறங்கிய வாரமே சேர்ந்துவிடுங்கள், சிக்கல் வந்த பிறகு தேட வேண்டாம். நோட்டீஸில் எந்த மாதம், எவ்வளவு தொகை, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவுப்படி, எந்த வங்கிக் கணக்கில், எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்று மாதவாரியாக எழுதுங்கள். "என் பாக்கியைக் கொடுங்கள்" என்று பொதுவாக எழுதினால் தொகை தெரியவில்லை என்று நழுவுவார்கள். கிளப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பி நிறுத்தாதீர்கள்.

அந்தக் கெடு முடியும்வரை பயிற்சிக்குப் போய்க்கொண்டே இருங்கள். இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். பணம் தராதவன் வாசலில் காலையில் போய் நிற்பது அவமானமாக இருந்தது. ஆனால் ஒரு நாள் வரவில்லை என்றால் அதைக் குறித்து வைப்பதற்கென்றே அங்கே ஒருவர் இருந்தார். நானும் தினமும் காலையில் "இன்று இத்தனை மணிக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிறேன், முதல் அணியோடு சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். ஆட்டக்காரரை வெளியேற வைப்பதற்காகவே கிளப் கொடுக்கும் தொந்தரவும் ஒப்பந்தத்தை முறிக்கத் தகுந்த காரணம்தான், அது 14ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அந்த மின்னஞ்சல்கள் பிறகு மிகவும் உதவின. இதற்கிடையே வீட்டு உரிமையாளர் கதவைத் தட்டினார், கிளப் வாடகை கட்டவில்லையாம். வாடகை கிளப்பின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தது, ஆனால் வீட்டு ஒப்பந்தம் என் பெயரில். அடுத்த கிளப்பிலிருந்து வாடகை ஒப்பந்தத்தைக் கிளப்பின் பெயரிலேயே போடச் சொல்கிறேன்.

பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும். விசா புதுப்பிக்க வாங்கினால், தேதி குறிப்பிட்டு ஒரு ரசீது வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் திருப்பிக் கேளுங்கள். எனக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை, ஆனால் ஜாகிர் பெலூனிஸ் என்ற பிரெஞ்சு அல்ஜீரிய ஆட்டக்காரரின் கதையைப் படித்தபோது என் வயிறு கலங்கியது. கத்தாரில் சம்பளத் தகராறில் சிக்கிய அவருக்கு, நாட்டை விட்டுப் போக முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற அன்றைய சட்டத்தால் வெளியேறவே முடியவில்லை. குடும்பத்தோடு மாட்டிக்கொண்டு, உலகெங்கும் அவருக்காகக் குரல் எழுந்த பிறகு 2013 நவம்பரில்தான் வெளியே வந்தார். போகிற நாட்டில் விசா யார் பெயரில், அது ரத்தானால் எத்தனை நாளில் கிளம்ப வேண்டும் என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கெடு முடிந்தது, பணம் வரவில்லை, முறிவுக் கடிதம் அனுப்பிவிட்டு ஊர் திரும்பினேன். அப்போது விண்டோ மூடியிருந்தது. தகுந்த காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்தவரை விண்டோவுக்கு வெளியேயும் பதிவு செய்ய ஃபிஃபா விதி இடம் தருகிறது. ஆனால் புதிய கிளப்கள் தயங்குகின்றன, பழைய கிளப் நம்மையும் வழக்கில் இழுக்குமோ என்ற பயம் அவர்களுக்கு. அப்போது பேசிக்கொண்டிருந்த ஒரு கிளப் அந்தக் காரணத்தைச் சொல்லியே பின்வாங்கியது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறப் பழைய நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பு தர வேண்டிய பரிமாற்றச் சான்றிதழும் அந்தக் காலத்தில் ஒரு பூட்டு. லசானா டியாரா என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் இதில்தான் மாட்டினார். 2014இல் மாஸ்கோ கிளப்போடு முறிவு, அடுத்து பெல்ஜியத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ள நினைத்த கிளப்புக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை, அவர் மீது ஒரு கோடி யூரோவுக்கு மேல் நஷ்டஈடு. பத்தாண்டு கழித்து, 2024 அக்டோபர் 4ஆம் தேதி, அந்த விதிகளில் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதன் பிறகு ஃபிஃபா தன் விதிகளைத் தளர்த்தியது. ஒப்பந்தச் சண்டையைக் காட்டிச் சான்றிதழை இழுத்தடிப்பது இப்போது முன்போல் நடக்காது. எனக்கு அந்தத் தளர்வு வருவதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது. பாதி சீசன் வீட்டில் இருந்தேன். தனியாக ஓடினேன், ஜிம்முக்குப் போனேன், ஆனால் ஆட்டத்தின் வேகம் ஆட்டத்தில்தான் வரும். அதைவிட, நான் எங்கே போனேன் என்று யாரும் கேட்காதது வலித்தது.

இனி வழக்கு. வெளிநாட்டு ஆட்டக்காரருக்கும் கிளப்புக்கும் இடையிலான சம்பளச் சண்டையை ஃபிஃபா கால்பந்துத் தீர்ப்பாயத்தின் தகராறு தீர்வு அவை விசாரிக்கிறது. ஆட்டக்காரருக்குக் கட்டணம் கிடையாது, இதைப் பலர் நம்புவதே இல்லை. மனுவை இணையத்தில் பதிய வேண்டும், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகியவற்றில் ஒன்றில் இருக்க வேண்டும், மற்ற மொழியில் உள்ள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். என் செலவு பெரும்பாலும் மொழிபெயர்ப்புக்கும் வக்கீலுக்கும்தான் போனது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போக வேண்டும், அதற்கு மேல் போனால் கதவு மூடிவிடும். "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று மாதக்கணக்கில் இழுக்கும் கிளப்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் இழுக்கின்றன. பேசுங்கள், ஆனால் மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், நோட்டீஸ், தினசரி மின்னஞ்சல்கள், ஸ்க்ரீன்ஷாட்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். கிளப்பின் பதிலில் நான் ஒழுக்கமற்றவன், உடல் தகுதி இல்லாதவன், தானாக ஓடிப்போனவன் என்றெல்லாம் இருந்தது. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. படிப்பதற்குப் பக்கத்தில் யாராவது இருக்கும்போது அந்தப் பதிலைத் திறங்கள்.

தீர்ப்பு வர மாதங்கள் ஆயின, ஆனால் எனக்குச் சாதகமாகவே வந்தது. பாக்கிச் சம்பளம், வட்டி, அதோடு ஒப்பந்தத்தில் மீதியிருந்த காலத்துக்கான நஷ்டஈடு. நடுவில் வேறு கிளப்பில் சம்பாதித்தால் அதை மீதியிலிருந்து கழித்துவிட்டு, பாக்கி வைத்த குற்றத்துக்காகக் கூடுதலாக மூன்று மாதச் சம்பளம், மிக மோசமான சூழ்நிலையில் ஆறு மாதம் வரை, சேர்ப்பார்கள். தீர்ப்பு வந்ததும் உங்கள் வங்கிக் கணக்குப் படிவத்தைக் கிளப்புக்கு உடனே அனுப்புங்கள். பணம் கட்டக் கிளப்புக்குத் தரும் 45 நாள் கெடு அதிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. அதற்குள் தரவில்லை என்றால் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யக் கிளப்புக்குத் தடை விழும், பணம் கட்டும்வரை, அதிகபட்சம் மூன்று விண்டோக்கள். கிளப் பயப்படுவது இதற்கு மட்டும்தான்.

என் கிளப் இதிலிருந்தும் தப்பப் பார்த்தது. பழைய கம்பெனியை மூடிவிட்டு, பெயரில் ஒரு சொல்லை மாற்றி, அதே நிறம், அதே மைதானம், அதே ரசிகர்களோடு புது கிளப்பாகக் கீழ்ப் பிரிவில் நின்றது. அவ்வளவுதான், பணம் போயே போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை. கிளப்பின் விளையாட்டு வாரிசும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு என்று ஃபிஃபா விதியில் இருக்கிறது. பெயர், நிறம், மைதானம், நிர்வாகிகள், ஆட்டக்காரர்கள் இவற்றை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். ஆகவே கிளப் புதுப் பெயரில் வெளியிடும் படங்கள், "நம் நூற்றாண்டுப் பாரம்பரியம்" என்று அவர்களே எழுதிய பதிவுகள் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். நான் சேமித்து அனுப்பியதும் சமரசத்துக்கு வந்தார்கள். முழுத் தொகை கிடைக்கவில்லை, தவணையில் வந்தது. சமரச ஒப்பந்தத்தில் ஒரு தவணை தவறினாலும் தீர்ப்பின் முழுத் தொகையும் உடனே பாக்கியாகிவிடும் என்ற வரியை வக்கீல் பிடிவாதமாகச் சேர்த்தார். அந்த வரி இல்லாவிட்டால் முதல் தவணையோடு நின்றிருக்கும். வாரிசே இல்லாமல் கிளப் மறைந்துபோனால், அப்படிப்பட்டவர்களுக்கென்று ஃபிஃபாவும் ஃபிஃப்புரோவும் சேர்ந்து 2020இல் 1.6 கோடி டாலரில் ஒரு நிதி தொடங்கினார்கள். அது இப்போதும் உண்டா என்று சங்கத்திடம் கேளுங்கள்.

இப்போது ஒப்பந்தம் வந்தால் முதலில் அந்த கிளப்பில் போன சீசன் ஆடிய வெளிநாட்டுக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுகிறேன். அவர் சொல்வதைவிட நம்பகமான தகவல் வேறெங்கும் இல்லை. ஏஜென்ட் ஃபிஃபா உரிமம் பெற்றவரா என்று பார்க்கிறேன், 2023 அக்டோபரிலிருந்து உரிமம் கட்டாயம், ஃபிஃபா தளத்தில் பெயரைத் தேடலாம். டிரையலுக்கு முன்பணம் கேட்பவரோடு பேச்சையே தொடர்வதில்லை. அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, அந்தக் காலத்தில் சம்பளம் முழுதாக உண்டா என்று தனி வரியாக எழுதி வாங்குகிறேன். ஒரு நாட்டை விட்டுக் கிளம்பும்போது அங்கே வரி கட்டியதற்கான சான்றிதழையும், சமூகப் பாதுகாப்பு நிதியில் பிடித்ததற்கான விவரத்தையும் கையோடு வாங்கி வருகிறேன். கிளப் சம்பளத்தில் வரி பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டிருந்தால், அது வருடங்கள் கழித்து உங்கள் பெயருக்குத்தான் நோட்டீஸாக வரும். எனக்கு ஒரு நாட்டிலிருந்து அப்படி வந்தது, அந்த வேலை இன்னும் முடியவில்லை.